குழந்தையின் விரலில் ஒட்டிய செயற்கை நகம் வரலையா? இழுக்காதீங்க... வீட்டிலேயே பாதுகாப்பாக எடுப்பது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டில் மஞ்சள் நீராட்டு விழா. எட்டு வயசுப் பொண்ணு பத்து விரலிலும் பிங்க் நிற நகம் ஒட்டிக்கொண்டு, போட்டோவுக்கு போஸ் கொடுத்து முடித்தாச்சு. திங்கட்கிழமை காலையில் ஸ்கூல். இரவு ஒன்பது மணிக்குத்தான் தெரிகிறது, ஒட்டின நகம் வரமாட்டேங்குது. வீட்டில் ஆளுக்கு ஒரு யோசனை. பாட்டி, "பிடிச்சு இழு, வந்துடும்" என்கிறார். சித்தப்பா, "பெயின்ட் தின்னர் கொஞ்சம் ஊத்தினா போதும்" என்கிறார். குழந்தை அழ ஆரம்பிக்கிறது.

இந்த இரண்டு யோசனையுமே வேண்டாம். செயற்கை நகத்தை எடுக்க பெரும்பாலும் வீட்டில் இருக்கும் வெதுவெதுப்பான தண்ணீர், சோப்பு, தேங்காய் எண்ணெய் போதும். கூடவே அரை மணி நேரப் பொறுமை வேண்டும். பெரிய ஆபத்து நகத்தில் இல்லை. அதை அவசரமாகக் கழற்ற நாம் கையில் எடுக்கும் பாட்டிலில்தான் இருக்கிறது.

இதை அத்திப்பட்டு மாதிரியான பகுதியில் இருப்பவர்கள் கூடுதல் கவனத்தோடு படிக்கணும். ('சிட்டிசன்' படத்தில் காணாமல் போன அத்திப்பட்டி இல்லைங்க. மீஞ்சூர் பக்கத்தில், வட சென்னை அனல் மின் நிலையம் இருக்கிற நிஜ அத்திப்பட்டு.) எண்ணூர், திருவொற்றியூர், மணலி, மீஞ்சூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறவர் இருக்கும் வீட்டில் தின்னர், அசிட்டோன் மாதிரி ஏதாவது ஒன்று தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கப்பட்டிருப்பது அதிசயம் இல்லை. ஃபைபர் படகு பழுது பார்க்கும் இடத்தில் ரெசின் ஒட்டிய பிரஷ்ஷைக் கழுவுவதே அசிட்டோனில்தான். "அதே அசிட்டோன்தானே பார்லரிலும் யூஸ் பண்றாங்க?" என்ற கேள்வி வருவது இயல்பு. அதற்கான பதிலைக் கீழே பார்ப்போம்.

முதலில், ஒட்டியது எதனால்?

எடுக்கும் முறை, நகத்தைப் பொறுத்தது இல்லை, பசையைப் பொறுத்தது. குழந்தையைத் திட்டாமல் கேளுங்கள். திட்டினால் உண்மை வராது.

ஃபேன்சி ஸ்டோரில் குழந்தைகளுக்கென்று விற்கும் செட்டில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒட்டும் ஸ்டிக்கர்தான் இருக்கும். நகத்தின் பின்பக்கமே ஒட்டி வரும், அல்லது தனி அட்டையில் ஜெல்லி மாதிரி சின்னச் சின்னத் துண்டுகளாக இருக்கும். இது எளிதாக வந்துவிடும்.

அடுத்தது, பெரியவர்களுக்கான செட்டோடு வரும் குட்டி பாட்டில் அல்லது டியூப் பசை. இதில் இருப்பது சயனோஅக்ரிலேட். ஃபெவிகுவிக் போன்ற உடனடிப் பசைகளிலும் இதே வகை வேதிப்பொருள்தான். ஸ்டிக்கர் ஒட்டாமல் விழுந்துவிட்டது என்று ஃபெவிகுவிக்கை எடுத்து ஒட்டிக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. காற்றிலும் தோலிலும் இருக்கும் ஈரம் பட்டதுமே இந்தப் பசை இறுகத் தொடங்கிவிடும். அதனால்தான் சில நொடியில் கெட்டியாகிறது.

மூன்றாவது, பார்லரில் போடும் ஜெல், அக்ரிலிக் நகம். கல்யாண வீட்டில் அக்காவுக்குப் போடும்போது தங்கச்சிக்கும் போட்டுவிடுவார்கள். இதை வீட்டில் எடுக்க முயற்சிக்க வேண்டாம். இதைத் தேய்த்து எடுக்கும்போது குழந்தையின் மெல்லிய நகமும் சேர்ந்து தேயும். போட்ட இடத்துக்கே போய், மெஷின் வைத்து ராவாமல் ஊற வைத்து எடுக்கச் சொல்லுங்கள். சில ஜெல் பாலிஷ்களில் சேர்க்கப்பட்ட டிபிஓ என்ற வேதிப்பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகு சாதனங்களில் தடை செய்துவிட்டது. பெரியவர்கள் விஷயத்திலேயே இவ்வளவு யோசிக்கும்போது, எட்டு வயசு விரலுக்கு ஜெல் தேவையா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இழுத்தால் என்ன ஆகும்?

நம்ம நகம் ஒரே பலகை கிடையாது. மெல்லிய அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி உருவானது. பசை பிடித்திருக்கும் மேல் அடுக்கு, செயற்கை நகத்தோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். குழந்தைகளின் நகம் பெரியவர்களின் நகத்தைவிட மெல்லியது என்பதால் சேதம் சீக்கிரம் நடக்கும். வேகமாக இழுத்தால் நகம் அடியில் இருக்கும் சதையிலிருந்தே பிரிந்து, ரத்தம் வரலாம். கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். முழு நகமும் புதிதாக வர ஏறக்குறைய 6 மாதம் ஆகும். ஒரு நொடி இழுப்புக்கு அரை வருஷம்!

நாம் கையால் சாப்பிடுகிறவர்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள். நகம் உரிந்த விரலோடு காரக்குழம்பு சாதம் பிசைந்தால் குழந்தைக்கு எப்படி எரியும்னு சொல்லத் தேவையில்லை.

தண்ணீர், சோப்பு, எண்ணெய்: இதுதான் முதல் வழி

ஒரு அகலமான கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுங்கள். சூடு சரியா என்று உங்கள் முழங்கையை வைத்துப் பாருங்கள். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டும்போது பார்ப்போமே, அதே மாதிரி. அதில் கொஞ்சம் ஷாம்பூ அல்லது பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்து, குழந்தையின் விரல்களை 15 நிமிடம் ஊற வையுங்கள். தண்ணீர் ஆறினால் கையை வெளியே எடுக்கச் சொல்லிவிட்டு வெந்நீர் சேருங்கள். கை உள்ளே இருக்கும்போது மேலே ஊற்றாதீர்கள். சும்மா உட்காரச் சொன்னால் எந்தக் குழந்தையும் உட்காராது. கார்ட்டூன் போட்டுவிடுங்கள், இன்றைக்கு ஒரு நாள் தப்பில்லை.

ஊறியதும் கையைத் துடைத்து, செயற்கை நகமும் உண்மையான நகமும் சேரும் ஓரத்தில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விடுங்கள். ஸ்டிக்கர் பசை எண்ணெயில் இளகும். இரண்டு நிமிடம் கழித்து நகத்தை மேல் நோக்கித் தூக்காமல், இடது வலதாக மெதுவாக அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் எங்காவது இடைவெளி தெரிந்தால் அங்கே இன்னொரு சொட்டு எண்ணெய். ஐஸ்கிரீம் குச்சியின் முனையை, அல்லது முனை மழுக்கிய பல்குத்தும் குச்சியை, அந்த இடைவெளியில் படுக்கை வாட்டில் நுழைத்து நகர்த்தலாம். சேஃப்டி பின், பிளேடு, கத்தி முனை எதுவும் கூடாது. குழந்தை கையை ஒரு தடவை வெடுக்கென்று இழுத்தால் போதும், குத்திவிடும்.

ஸ்டிக்கர் வகை என்றால் இந்தக் கட்டத்திலேயே கையோடு வந்துவிடும். மிச்சம் இருக்கும் பிசுபிசுப்பை எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, சோப்பு போட்டுக் கழுவினால் வேலை முடிந்தது.

பாட்டில் பசை என்றால் ஒரே தடவையில் வராது. தண்ணீர் அந்தப் பசையைக் கரைக்காது, அதன் பிடியைத் தளர்த்த மட்டும் செய்யும். அதனால் இரண்டு, மூன்று முறை ஊற வைக்கணும். பத்து நகத்தில் ஆறு வந்து, நாலு அடம் பிடிக்கலாம். குழந்தை "வலிக்குது" என்று சொன்ன உடனே நிறுத்திவிடுங்கள். நடிக்கிறாளா, நிஜமா என்று ஆராய வேண்டாம்.

வராத நகத்தை என்ன செய்வது?

இதை யாரும் சொல்வதில்லை. வராவிட்டால் விட்டுவிடலாம்! நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை மட்டும் நகவெட்டியால் குழந்தையின் சொந்த நகத்தின் நீளத்துக்கு வெட்டி, ஓரத்தை நக அரத்தால் மழுக்கிவிடுங்கள். வெட்டும்போது பிளாஸ்டிக் துண்டு தெறிக்கும், கண்ணில் படாமல் கையை மறைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். தினமும் குளித்து முடித்ததும் நகம் ஊறியிருக்கும்போது எண்ணெய் வைத்து அசைத்துப் பாருங்கள். குளியலும், கை கழுவுவதும், நகத்தின் வளர்ச்சியும் சேர்ந்து சில நாளில் பசையைத் தளர்த்திவிடும்.

ஸ்கூலில் கேட்பாங்களே? டைரியில் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். டீச்சர் புரிந்துகொள்வார். திங்கட்கிழமை காலைக்குள் முடித்தே ஆகணும் என்ற அவசரம்தான் பாதி காயத்துக்குக் காரணம்.

ஒரே ஒரு எச்சரிக்கை: பாதி பிரிந்து பாதி ஒட்டியிருக்கும் நகத்தின் அடியில் ஈரம் தேங்கும். அப்படியே பல நாள் விடக்கூடாது. தினமும் நன்றாக உலர்த்துங்கள்.

அசிட்டோன் பயன்படுத்தலாமா?

இறுகிய சயனோஅக்ரிலேட் பசையைக் கரைப்பது அசிட்டோன். இது உண்மைதான். ஆனால் பள்ளிக்குப் போகும் வயது வராத குழந்தைக்கு வீட்டில் அசிட்டோன் வேண்டவே வேண்டாம். விரல் சூப்பும் பழக்கம், நகம் கடிக்கும் பழக்கம் இருந்தாலும் வேண்டாம். விரலில் வெட்டு, உரிந்த தோல், புண் இருந்தாலும் வேண்டாம்.

கொஞ்சம் பெரிய பிள்ளை, தண்ணீர் முறை மூன்று தடவையும் பலிக்கவில்லை, நாலைந்து நாள் காத்திருக்கவும் முடியாது என்றால் மட்டும் யோசிக்கலாம். கடையில் வாங்கும் நெயில் பாலிஷ் ரிமூவரில் 'அசிட்டோன்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். டப்பாவில் வட்டமாக வரும் வாசனை வைப்ஸ் பல, அசிட்டோன் இல்லாதவை. அவை பாலிஷை எடுக்கும், இந்தப் பசையை அவ்வளவாகத் தொடாது. அது தெரியாமல் பத்து வைப்ஸ் தேய்த்து விரலைப் புண்ணாக்குவதில் லாபம் இல்லை.

தோலில் வாசலின் தடவி, பஞ்சுக் குச்சியில் ரிமூவரைத் தொட்டு, ஒட்டிய ஓரத்தில் மட்டும் வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு விரல். ஓரிரு நிமிடம் கழித்து அசைத்துப் பாருங்கள், இளகவில்லை என்றால் இன்னொரு முறை. கிண்ணத்தில் ஊற்றி முழு விரலையும் முக்காதீர்கள். பார்லரில் ஃபாயில் சுற்றி வைப்பது பெரியவர்களுக்கான முறை, அதைக் குழந்தைக்கு நகல் எடுக்க வேண்டாம். முடித்ததும் சோப்பு போட்டுக் கழுவி, எண்ணெய் தடவுங்கள். அசிட்டோன் தோலின் எண்ணெய்ப் பசையை மொத்தமாக உறிஞ்சிவிடும்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். கம்பெனி அசிட்டோனும் பெயரளவில் அதேதான். ஆனால் கேனில் இருந்து பாட்டிலுக்கு மாறி வந்ததில் என்ன கலந்திருக்கிறது, முன்பு எதைக் கழுவப் பயன்படுத்தினார்கள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. தின்னர் வேறு பொருள்; டொலுவீன் போன்ற பல கரைப்பான்களின் கலவை. பெட்ரோல், மண்ணெண்ணெய் பற்றிக் கேட்கவே வேண்டாம். எதையும் குழந்தையின் விரலில் வைக்காதீர்கள்.

அசிட்டோன் எவ்வளவு சீக்கிரம் தீப்பிடிக்கும் என்பதற்கு ஒரு கணக்கு: மைனஸ் 20 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்திலேயே, பற்றிக்கொள்ளும் அளவுக்கு அதில் ஆவி கிளம்பத் தொடங்கிவிடும். நம்ம ஊர் வெயிலில் சொல்லவா வேண்டும்! அந்த ஆவி காற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனமானது. மேலே போகாது, தரையோடு தவழ்ந்து போகும். ஒரு ரூமும் கிச்சனும் உள்ள வீட்டில், கட்டிலில் உட்கார்ந்து நகம் எடுக்கிறீர்கள். நாலடி தள்ளி அடுப்பில் பால். மூலையில் சாமி விளக்கு. கட்டிலுக்குக் கீழே கொசுவத்தி. இந்த மூன்றையும் அணைத்து, பாட்டிலை மூடிய பிறகுதான் குழந்தையின் கையைத் தொடணும்.

ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். சாம்பலும் நிலக்கரித் தூசியும் வருகிறது என்று ஜன்னலை மூடியே வைத்துப் பழகிய ஊர் இது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து மக்கள் வீட்டை விட்டு ஓடிய பிறகு, வெளிக்காற்றை நம்புவதே கஷ்டம். அதனால் அசிட்டோன் வேலை என்றால் மொட்டை மாடி அல்லது வாசல் திண்ணை. பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள், இரவு ஒன்பது மணிக்கு வேண்டாம்.

ஒரு குழந்தையின் உயிரைப் பறித்த ரிமூவர்

அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 1988-ல் வெளியான ஒரு பதிவு இன்றைக்கும் விஷ முறிவு மருத்துவர்கள் மேற்கோள் காட்டுவது. 16 மாதக் குழந்தை ஒன்று, செயற்கை நகத்தை எடுக்கும் திரவத்தைக் குடித்துவிட்டது. சாதாரண அசிட்டோன் ரிமூவர் என்று தவறாக நினைத்ததால் சிகிச்சை எதுவும் தரப்படவில்லை. மறுநாள் காலை குழந்தை படுக்கையில் இறந்து கிடந்தது. பாட்டிலில் இருந்தது அசிட்டோன் இல்லை, அசிட்டோநைட்ரைல். பெயரில் சின்ன வித்தியாசம்தான். ஆனால் அது உடலுக்குள் போய் மெதுவாக சயனைடாக மாறும். முதல் சில மணி நேரம் குழந்தை நன்றாக இருப்பது போலவே தெரியும். அதே பதிவில் வரும் இன்னொரு இரண்டு வயதுக் குழந்தை, தீவிர சிகிச்சையால் பிழைத்தது.

இதன் பிறகு அமெரிக்காவில் அசிட்டோநைட்ரைல் கலந்த ரிமூவர்களுக்குக் குழந்தைகள் திறக்க முடியாத மூடி கட்டாயமானது. ஐரோப்பாவில் அழகு சாதனங்களில் அந்தப் பொருளுக்கே தடை வந்தது. நாம் கவனிக்க வேண்டியது இரண்டு. லேபிள் இல்லாத, என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத நக ரிமூவரை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். குழந்தை குடித்துவிட்டது என்று சந்தேகம் வந்தால், நன்றாகத்தானே விளையாடுகிறது என்று காத்திருக்காமல், அந்த பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். கன்டெய்னர் லாரி வரிசையில் பைக்கில் மாட்டிக்கொள்வதைவிட 108-க்கு போன் செய்வது நல்லது.

பசை துணியில் கொட்டினால் சுடும்

இது பலருக்கும் தெரியாதது. உறைவதற்கு முன் திரவமாக இருக்கும் நகப் பசை பருத்தித் துணியில் கொட்டினால், ஒரேயடியாக இறுகி, கடும் வெப்பத்தை வெளியிடும். புகைகூட வரும். காட்டன் பாவாடை, லெக்கின்ஸ் மேல் கொட்டி, துணிக்கு அடியில் தோல் வெந்துபோன குழந்தைகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. அதனால் கொட்டிய பசையைப் பஞ்சாலோ துணியாலோ துடைக்காதீர்கள். (ஏற்கெனவே காய்ந்து இறுகிய பசையின் மேல் பஞ்சுக் குச்சி வைப்பதில் இந்தப் பயம் இல்லை.)

துணியில் கொட்டிவிட்டால் உடனே அந்த இடத்தில் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். தோலோடு ஒட்டாத துணியை மட்டும் கழற்றுங்கள், ஒட்டியதைப் பிய்க்காதீர்கள். 20 நிமிடம் தண்ணீர் ஓடட்டும். தெருக்குழாயில் தண்ணீர் வராத நேரம் என்றால் குடத்துத் தண்ணீரை மக்கில் மொண்டு தொடர்ந்து ஊற்றுங்கள். டூத்பேஸ்ட், இங்க், மாவு எதுவும் தடவாதீர்கள். கொப்புளம் வந்தால் பொன்னேரி அரசு மருத்துவமனையிலோ ஸ்டான்லியிலோ காட்டுங்கள். பெரிய காயம் என்றால் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயங்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

இரண்டு விரல் ஒட்டிக்கொண்டால் சோப்புத் தண்ணீரில் ஊற வைத்து, பென்சிலை உருட்டுவது மாதிரி விரல்களை ஒன்றின் மேல் ஒன்று உருட்டிப் பிரியுங்கள்.

கண்ணில் பட்டால் கதை வேறு. நகப் பசை பாட்டில் பார்ப்பதற்குக் கண் சொட்டு மருந்து மாதிரியே இருக்கும். 2021-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு பெண், தூக்கக் கலக்கத்தில் சொட்டு மருந்து என்று நினைத்து நகப் பசையைக் கண்ணில் விட்டுக்கொண்டது உலகம் முழுக்கச் செய்தியானது. இமை ஒட்டிவிட்டால் பிரிக்க முயற்சிக்காதீர்கள், அசிட்டோனைக் கண் பக்கமே கொண்டு போகாதீர்கள். தண்ணீரால் கழுவி, ஈரத் துணியை லேசாக மேலே வைத்து, எழும்பூர் அரசு கண் மருத்துவமனை போன்ற இடத்துக்கு உடனே கொண்டு போங்கள்.

எடுத்த பிறகு எதைக் கவனிக்கணும்?

நகம் கொஞ்சம் வெளுத்து, சொரசொரப்பாக இருக்கும். இரவில் எண்ணெய் அல்லது வாசலின் தடவி வந்தால் போதும். அடுத்த செட்டை உடனே ஒட்டாமல் இருந்தாலே நகம் தேறிவிடும்.

நகத்தைச் சுற்றிச் சிவந்து, வீங்கி, விண்விண் என்று தெறித்தால் அது நகச்சுத்தி. எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலில் செருகுவது நம்ம ஊர் வழக்கம். உரிந்த தோலில் அதைச் செய்தால் எரிச்சல்தான் மிஞ்சும். சீழ் வைத்தால் டாக்டர்தான் பார்க்கணும். நகம் பச்சை நிறமாக மாறினால் அடியில் தேங்கிய ஈரத்தில் பாக்டீரியா வளர்ந்திருக்கலாம். அதன் மேல் பாலிஷ் அடித்து மறைக்காதீர்கள். விரல் நுனியில் அரிப்பு, கொப்புளம், இமையில் வீக்கம் வந்தால் பசை அலர்ஜியாக இருக்கலாம். அந்தப் பசை இனி அந்தக் குழந்தைக்கு ஆகாது. அவசரமில்லாத சந்தேகம் என்றால் 104-க்கு போன் செய்து ஆலோசனை கேட்கலாம்.

எல்லாம் முடிந்து குழந்தை தூங்கப் போவதற்கு முன் ஒரு வேலை பாக்கி. கழற்றிய நகங்களை எண்ணுங்கள். பத்து இருக்கணும். ஒன்று குறைந்தால் கட்டிலுக்கு அடியில், பாயின் மடிப்பில், சாப்பிட்ட தட்டில் தேடுங்கள். வீட்டில் தவழும் தம்பியோ தங்கையோ இருந்தால், அது கையில் கிடைத்ததும் நேராக வாய்க்குத்தான் போகும்.